பாண்டியன் உயிரை விட்டது பிராயச்சித்தமா?

ஈசூன் வாசகி:
சனிக்கிழமை சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் சிலப்பதிகாரம் பற்றிப் பேசினோம். குற்றவுணர்வுக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனை மிஞ்ச ஆளில்லை என்றார் ஒருவர். எனக்கு ஒப்பவில்லை. ஊடிய தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில், விசாரிக்காமலே "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்றவன் அவன். செத்து என்ன ஆனது? கோவலன் திரும்பி வரவில்லை, மதுரையும் எரிந்தது. உயிரோடு இருந்து பதில் சொல்வதுதான் பிராயச்சித்தம்.

தெம்பனிஸ்காரன்:
அக்கா, அந்தக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். கண்ணகி சிலம்பை உடைத்ததும் மாணிக்கப் பரல் அவன் வாயருகே தெறிக்கிறது. கொல்லச் சொன்ன வாய் அது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டேன் என்கிறான், ஆனால் "யானே கள்வன்" என்று பழியைத் தன் மேல்தான் போட்டுக்கொள்கிறான். மன்னிப்பும் கிடைத்தது. வாழ்த்துக் காதையில் கண்ணகியே தெய்வமாக வந்து "தென்னவன் தீதிலன்" என்கிறாள், தான் அவன் மகள் என்கிறாள். அவளே சொன்ன பிறகு நாம் யார்?

ஈசூன் வாசகி:
சரி, அவள் மன்னித்தாள். அதற்கு முன்னால் கொற்கையில் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவனுக்கு அடுத்து வந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் 1000 பொற்கொல்லர்களைப் பத்தினிக்குப் பலி கொடுக்கிறான். திருடியது ஒருவன்! கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரியையும் பாருங்கள். ஒரு பாவமும் அறியாதவள், அடைக்கலத்தை இழந்தேனே என்று தீயில் விழுந்தாள். அரசன் வைத்த கடனை எளியவர்கள்தான் கட்டினார்கள்.

சாங்கி தொண்டூழியர்:
சிறையிலிருந்து வருபவர்களோடு பழகுகிறேன். 2004இல் மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கிய பிறகு அவர்களுக்கு வேலை தேடித் தருவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. ஆனால் பெற்ற தாயின் எதிரே போய் உட்காருவதற்குத்தான் பலரும் நடுங்குகிறார்கள். பாண்டியன் அதைத்தான் செய்யவில்லை. "கெடுக என் ஆயுள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எதிரே நின்ற கண்ணகியிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

தெம்பனிஸ்காரன்:
என்ன வார்த்தை இருக்கிறது அண்ணே? கணவனைக் கொன்றுவிட்டு "மன்னித்துவிடு" என்று கேட்பது அவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது. அவன் கேட்காமல் இருந்ததைத்தான் நான் மதிக்கிறேன். மாதரி விஷயத்தில் அக்கா சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் கொற்கைக் கொலைகளை நெடுஞ்செழியன் கணக்கில் எழுத மாட்டேன். அது அடுத்து வந்தவன் செய்தது.

ஈசூன் வாசகி:
நான் எழுதுவேன் தம்பி. "யானே கள்வன்" என்று சபையில் சொன்னவன் உயிரோடு இருந்திருந்தால், அந்த 1000 பேர் மேல் கை வைக்க எவனுக்குத் துணிவு வந்திருக்கும்?