வாயெடுத்ததும் நின்றுபோகிற பேச்சு: புதுச்சேரி, கடலூர் அனுபவங்கள்

பிரெஞ்சு சொல்லித் தருபவர், புதுச்சேரி

எழுத்துத் தேர்வில் 25-க்கு 20 வாங்குகிறவரிடம் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டால் கூரையைப் பார்ப்பார். இங்குள்ள வகுப்புகளில் இது அன்றாடம் நடப்பது. பிரான்ஸுக்குப் படிக்கப் போகிறவர், கல்யாணமாகிப் போகிறவர், சொந்தக்காரர்களோடு போனில் பேச நினைப்பவர் என்று யார் வந்தாலும் இதே கதைதான். சொல்லித் தருகிற நாம் இதைக் கூச்ச சுபாவம் என்று சொல்லி ஒதுக்குவது அநியாயம்.

"நேத்து சாயந்திரம் தங்கச்சியோட பீச்சுக்குப் போனேன்." தமிழில் வினை கடைசியில் வரும். பிரெஞ்சில் எழுவாய்க்குப் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். அதனால் மாணவர் முழு வாக்கியத்தையும் தமிழில் மனசுக்குள் முடித்து, கடைசிச் சொல்லைப் பிடுங்கி முன்னால் வைத்து, அதற்கப்புறம்தான் வாய் திறக்கிறார். அதற்குள் எதிரே இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

இதற்கு மருந்து, வாக்கியத்தின் தலையை மட்டும் பழக்குவது. 'ஜெ சுயி அலே' (போனேன்), 'ஜெ வூத்ரே' (எனக்கு வேணும்), 'இல் யா' (இருக்கு), 'ஜெ பான்ஸ் கெ' (நான் நினைக்கிறது என்னன்னா) என்று 10 தொடக்கங்கள் போதும். வகுப்பு தொடங்கியதும் 5 நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் தமிழில் "வேணும்" என்றால், அவர் 2 வினாடிக்குள் 'ஜெ வூத்ரே' சொல்ல வேண்டும். சொன்னதும் நிறுத்திக்கொள்ளலாம். எங்கே, யாரோடு, எப்போது என்பதெல்லாம் ஒவ்வொரு துண்டாக வந்து சேரட்டும். இதைச் செய்யாமல் முழு வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்தால், நடுவில் ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.

இன்னொரு தயக்கம் உச்சரிப்பில். நம்மூர்த் தெருப் பலகைகளில் தினமும் பார்க்கிற 'ரூ' (தெரு) என்ற சொல்லை நம் 'ஊ' போட்டுச் சொன்னால் பிரெஞ்சில் அது சக்கரம் ஆகிவிடும். 'ஈ' என்று சொல்லி, அப்படியே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்தால் சரியான ஒலி வரும். நாக்கு பின்னால் போனால் மறுபடியும் 'ஊ' ஆகிவிடும். செல்போன் கேமராவில் வாயைப் பார்த்தபடியே பழகுவது நல்லது. ஆனால் ஒருவரை மட்டும் எழுப்பி உதட்டைக் குவிக்கச் சொல்லாதீர்கள். நாலு பேர் முன்னால் அந்த முகத்தைக் காட்டத்தான் வெட்கம். முதல் சில வகுப்புகளில் எல்லோரும் சேர்ந்தே சொல்லட்டும்.

பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழான டெல்ஃபின் வாய்மொழித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஏ2 நிலையில் (தொடக்க நிலையின் இரண்டாம் படி) பேச்சு மொத்தம் 6 முதல் 8 நிமிடம், அதற்கு முன் தயாரிப்புக்கு 10 நிமிடம். முதல் பகுதியான அறிமுக உரையாடலுக்குத் தயாரிப்பு கிடையாது. போய் உட்கார்ந்ததும் பேச வேண்டும். மற்ற பகுதிகளுக்கான அந்த 10 நிமிடத்தில் பலர் முழுப் பத்தியையே எழுதிவிடுகிறார்கள். உள்ளே போனதும் கண் தாளை விட்டு நகராது, குரல் வாசிப்பாக மாறும், இடையில் கேள்வி வந்தால் விட்ட வரி கிடைக்காது. 8 சொற்களுக்கு மேல் எழுத விடாதீர்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று முழுத் தேர்வில் நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 100-க்கு 50 எடுக்க வேண்டும், எந்தப் பிரிவிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. வாய்மொழியில் வாயே திறக்காமல் வந்தால் மற்ற மூன்றும் காப்பாற்றாது.

"மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கவும் பயப்படுகிறார்கள். ஐரோப்பிய மொழித்திறன் சட்டகத்தில் முதல் படியான ஏ1 நிலைக்கு எழுதியிருக்கும் விளக்கமே, எதிரில் இருப்பவர் திரும்பச் சொல்லி மெதுவாகப் பேசி உதவினால் உரையாட முடியும் என்பதுதான். ஆகவே 'வூ பூவே ரெபெத்தே, சில் வூ ப்ளே' என்பதை முதல் வாரத்திலேயே நாக்கில் ஏற்றிவிடுங்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துபவர், கடலூர்

வினை பற்றி மேலே சொன்னது இங்கிலீஷுக்கும் அப்படியே பொருந்தும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு பயம் உண்டு. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் "பீட்டர் விடுறான்" என்பார்கள். இரண்டு பக்கமும் அடி. ஒரே கல்லூரியில் இருந்து சேர்ந்து வரும் நண்பர்களை ஆரம்பத்தில் ஒரே குழுவில் போடாதீர்கள். நெல்லிக்குப்பத்தில் இருந்து வருபவரையும் முதுநகரில் இருந்து வருபவரையும் ஜோடி சேர்த்தால் இருவரும் பேசுவார்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பதில் சொல்பவர் வேற்று மொழியில் பேசுகிறார் என்றால், ஆசிரியரை 5 வரை மனசுக்குள் எண்ணச் சொல்வேன். அந்த நேரத்தில் புருவத்தை உயர்த்தி அவரையே உற்றுப் பார்க்கவும் கூடாது.

நான் அதிகம் நம்புவது 4-3-2 பயிற்சியை. மொழி கற்பித்தலில் பெயர்பெற்ற நியூசிலாந்துக்காரர் பால் நேஷன் பரவலாக்கிய முறை. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், இன்னொருவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் புது ஆள் என்பதால் திரும்பச் சொல்வது செயற்கையாக இருக்காது. நேரம் குறைவதால் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. தொடக்க நிலையினருக்கு 2, ஒன்றரை, 1 நிமிடம் போதும். விஷயம் அவருக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும்: மீன் குழம்பு வைப்பது, வீட்டில் இருந்து கல்லூரிக்கு வரும் வழி. 'உலக வெப்பமயமாதல்' கொடுத்தால் அவர் திணறுவது கருத்துக்காகவா மொழிக்காகவா என்று உங்களுக்கே தெரியாது. நடுவில் யாரும் திருத்தக்கூடாது.

திருத்துவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். "யெஸ்டர்டே ஐ கோ டு சில்வர் பீச்" என்றால், "ஓ, யூ வென்ட் டு சில்வர் பீச்? ஹூ கேம் வித் யூ?" என்று சரியான வடிவத்தைச் சொல்லிப் பேச்சை நகர்த்துங்கள். இதில் ஒரு குறை, பலர் அந்தத் திருத்தத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். அதனால் பிழைகளைத் தாளில் குறித்துக்கொண்டு, முடிந்தபின் 2 பிழைகளை மட்டும் சொல்லுங்கள். 10 சொன்னால் மறுநாள் வகுப்புக்கு வரமாட்டார்.

வாட்ஸ்அப்பில் 1 நிமிட வாய்ஸ் மெசேஜ் கேட்பது நல்ல வீட்டுப்பாடம். ஆனால் பேசி அழித்து, மறுபடி பேசி அழித்து, கடைசியில் எழுதி வைத்து வாசித்து அனுப்புவார்கள். காகிதச் சத்தமும் கூடவே கேட்கும். ஒரு தடவைதான் அழிக்கலாம் என்று விதி வையுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் கற்றுத் தருபவர், புதுச்சேரி

என்னிடம் வருபவர்கள் ஆரோவில்வாசிகளும் வடக்கில் இருந்து வேலைக்கு வந்தவர்களும். புத்தகத்தில் படித்து "எனக்கு இரண்டு தேங்காய்கள் வேண்டும்" என்று கடையில் சொல்வார்கள். கடைக்காரர் அன்பாகத்தான் சிரிப்பார், இங்கிலீஷுக்கும் மாறிவிடுவார். கற்பவருக்கோ அடிபட்ட மாதிரி ஆகிவிடும். எனவே முதல் நாளில் இருந்தே "ரெண்டு தேங்கா குடுங்கண்ணா". அண்ணா, அக்கா சேர்த்துப் பேசினாலே பாதி இறுக்கம் தளரும். கடைக்காரர் இங்கிலீஷுக்கு மாறினால் சொல்ல ஒரு வரி: "தமிழ்லயே சொல்லுங்கண்ணா, கத்துக்கிட்டிருக்கேன்."

கேட்பதைவிட வரும் பதிலுக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். குபேர் மார்க்கெட்டில் "மல்லி முழம் எவ்ளோக்கா?" என்று அழகாகக் கேட்டுவிடுவார்கள். "நாப்பது" என்று பதில் வந்ததும் முகம் வெளுத்துவிடும். அவர்கள் படித்தது 'நாற்பது'. அம்பது, அறுவது, எழுவது, "நூத்தம்பது" என்று விலைகளைப் பேச்சு வழக்கிலேயே, காதால் கேட்டு எழுதும் பயிற்சியாக முதலில் கொடுங்கள். நீங்கள் சொல்ல, அவர் எண்ணாக எழுத வேண்டும். 20 விலையில் 18 சரியாக வந்தபின் மார்க்கெட்டுக்கு அனுப்புங்கள், கூட்டம் நெரியும் நேரத்தில் வேண்டாம். ஒரே பூக்கார அக்காவிடம் வாரத்தில் மூன்று நாள் போகட்டும். இரண்டாவது வாரத்தில் அவரே "என்னா, நேத்து ஆளக் காணோம்?" என்று பேச்சை ஆரம்பிப்பார். அதற்கான பதிலையும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.