பவுல் பெயரில் 13 நிருபங்கள்: எல்லாம் பவுல் எழுதியதுதானா?

திண்ணைவாசி:
எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் புதிய ஏற்பாட்டு நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, அறிமுக வகுப்பு எடுக்கச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். வேதாகமத்தில் இருக்கிற வரிசைப்படியே ரோமரில் தொடங்கிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். தயார் செய்யப் படித்தபோதுதான் தலைவலி தொடங்கியது.

பவுல் பெயரில் 13 நிருபங்கள் இருக்கின்றன. அதில் ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் என்ற ஏழைப் பற்றித்தான் ஆய்வாளர்களிடம் சண்டை இல்லையாம். எபேசியர், கொலோசெயர், 2 தெசலோனிக்கேயர் மூன்றும் இழுபறி. 1, 2 தீமோத்தேயு, தீத்து மூன்றும் பவுலுடையவை அல்ல என்றே பல்கலைக்கழகப் பக்கம் பெரும்பாலோர் சொல்கிறார்கள். (எபிரெயரில் எழுதியவர் பெயரே இல்லை, அதை விடுங்கள். யார் எழுதியது என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் கையை விரித்துவிட்டார்.)

பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா? அதற்கு முன்னால், இந்த வாதம் எவ்வளவு கெட்டி?

நாசரேத்துக்காரன்:
சொல்ல வேண்டாம் அண்ணே. கெட்டியே இல்லாத வாதம். தீமோத்தேயு இரண்டும் தீத்துவும் "பவுல்" என்ற பெயரோடுதான் தொடங்குகின்றன. சுமார் 180-இல் லியோன் நகரத்துக் கண்காணி (பிஷப்) இரேனியு எழுதிய பெரிய நூலின் முதல் வரிகளிலேயே 1 தீமோத்தேயுவை எடுத்து, அப்போஸ்தலன் சொன்னது என்றுதான் காட்டுகிறார். 1 தீமோத்தேயு பவுலுடையது அல்ல என்று ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாகர் எழுதியது 1807-இல். ஆயிரத்து அறுநூறு வருஷம் யாருக்கும் தோன்றாத சந்தேகம் ஜெர்மனியில் ஒரு படிப்பறையில் தோன்றியதென்றால், சந்தேகப்பட வேண்டியது அந்தப் படிப்பறையைத்தான்.

ஓலைச்சுவடி:
'யாருக்கும் தோன்றவில்லை' என்பது சரியில்லை. 140 வாக்கில், சபை பின்னால் தள்ளிவைத்த மார்சியன் என்ற போதகன் தொகுத்த பவுல் தொகுப்பில் பத்து நிருபங்கள்தான். இந்த மூன்றும் இல்லை. அவன் வேண்டுமென்றே வெட்டினானா, அவன் கைக்கு வரவே இல்லையா என்பது வேறு கேள்வி.

அப்புறம் பி46. பவுல் நிருபங்களின் மிகப் பழைய கைப்பிரதி, சுமார் 200-ஐச் சேர்ந்தது. எகிப்தில் கிடைத்து, இப்போது டப்ளினிலும் மிச்சிகனிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. 52 தாளை ஒன்றாக மடித்து 104 ஏடாக்கிய புத்தகம், 86 ஏடு மிஞ்சியிருக்கிறது. 1 தெசலோனிக்கேயரோடு அறுந்து நிற்கிறது. தொலைந்த கடைசி ஏடுகளில் இந்த மூன்றும் அடங்காது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

கைப்பிரதியை விட்டுவிட்டு மொழிக்கு வந்தாலும் இதே கதைதான். 1921-இல் ஹாரிசன் என்பவர் உட்கார்ந்து எண்ணினார். பெயர்ச்சொற்களைத் தள்ளினால் மூன்றிலும் சேர்த்து 848 வெவ்வேறு கிரேக்கச் சொற்கள். அதில் 306 மற்ற பத்து நிருபங்களில் இல்லவே இல்லை. 'யூசேபெயா', நம் பைபிளில் தேவபக்தி, இந்த மூன்றில் பத்து முறை வருகிறது. மற்ற பத்தில் ஒருமுறைகூட இல்லை. கடவுளைப் பற்றி இவ்வளவு எழுதிய மனுஷன் அந்தச் சொல்லை அதுவரை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

நாசரேத்துக்காரன்:
பி46-ஐக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. அதை எழுதினவர் பின்பாதியில் பக்கத்துக்கு வரிகளைக் கூட்டிக்கொண்டே போகிறார், எழுத்தை நெருக்குகிறார். நம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் முடியப் போகும்போது எழுதுவோமே, அந்த மாதிரி. இடம் போதாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே திணிக்க இன்னும் ஏதோ கையில் இருந்திருக்கிறது. கூடுதல் தாள் சேர்த்தாரா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை வைத்து மூன்று நிருபங்களைத் தள்ளாதீர்கள்.

சொல் கணக்குக்கும் பதில் இருக்கிறது. சபைக்கு எழுதுவது வேறு, கூட வேலை செய்த பையனுக்கு எழுதுவது வேறு. வயசாகிவிட்டது, பேசும் விஷயமும் மாறிவிட்டது: கண்காணிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, விதவைகளை எப்படி ஆதரிப்பது. இதற்குக் கலாத்தியரில் போட்ட சண்டைச் சொற்கள் எதற்கு?

மறைக்கல்வி டீச்சர்:
நான் கத்தோலிக்க வீட்டிலிருந்து வருகிறேன். எங்களுக்குத் திருமுகம், உங்களுக்கு நிருபம். இங்கே உங்கள் பைபிள் பெயர்களிலேயே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

இரண்டு பேரும் பவுல் மேசை போட்டு உட்கார்ந்து தன் கையால் எழுதினார் என்ற மாதிரியே பேசுகிறீர்கள். கடிதம் எப்படி உருவானது என்பதை முதலில் பார்க்க வேண்டாமா?

ரோமர் 16:22-ஐத் திறங்கள். 'இந்த நிருபத்தை எழுதின தெர்தியு' என்று ஒருவர் நடுவில் தலைநீட்டி வணக்கம் சொல்கிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதினவர். கலாத்தியர் முடிவில் பவுல் தானே எழுதுகோலை வாங்கி, பாருங்கள் எவ்வளவு பெரிய எழுத்து என்கிறார். பழகின எழுத்தரின் நெருக்கமான எழுத்துக்குக் கீழே ஒரு முரட்டுக் கை. கடிதத்தின் முக்கியப் பகுதி ஒரு கையிலும் கடைசி வாழ்த்து வேறு கையிலும் இருக்கிற சாதாரணக் கடிதங்கள் எகிப்து மணலில் நிறையக் கிடைத்திருக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1 கொரிந்தியர் முதல் அதிகாரம். கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதற்காகக் கடவுளுக்கு நன்றி என்கிறார். அடுத்த மூச்சில், ஆங்... ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனா, ஞாபகமில்லை. அழித்து எழுதவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். பேசிக்கொண்டே நடந்தவரின் குரல் அது. பக்கத்திலிருந்த யாரோ ஸ்தேவானை எடுத்துக்கொடுத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். (அந்த ஸ்தேவானே அப்போது அங்கே இருந்தார் என்பது 16-ஆம் அதிகாரத்தில் தெரியும்!)

எழுதி முடித்தால் தபால் கிடையாது. ரோம அரசின் அஞ்சல் அரசாங்க வேலைக்கு மட்டும்தான். மற்றவர்கள் ஆள் போகும்போது கொடுத்துவிட வேண்டியதுதான். ரோமருக்கு எழுதினதைக் கெங்கிரேயாவிலிருந்து பெபேயாள் கொண்டுபோனார் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் 7000 சொல்லுக்கு மேல்! அந்தக் காலத்துச் சாதாரணக் கடிதம் நூறு சொல்லைத் தாண்டாது. பிலேமோனே 335 சொல் இருக்கிறது.

நாசரேத்துக்காரன்:
டீச்சர் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார்கள். எழுத்தர் மாறினால் சொல்லும் மாறும். 2 தீமோத்தேயு 4:11-இல் லூக்கா மாத்திரம் என்னோடு இருக்கிறான் என்கிறார். லூக்கா எழுதியிருந்தால்? முடிந்தது வழக்கு.

ஓலைச்சுவடி:
முடியவில்லை. ரோமரை எழுதியது தெர்தியு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் ரோமரில் கேட்பது தெர்தியுவின் குரல் இல்லை, பவுலின் குரல். கொரிந்தியரை எழுதினவர் யாரென்றே தெரியாது, அங்கேயும் அதே குரல்தான். இத்தனை எழுத்தர்களுக்கும் விட்டுக்கொடுக்காதவர், இந்த மூன்றுக்கு மட்டும் 'நீயே பார்த்து எழுதிக்கொள்' என்று விட்டாரா? அப்படி விட்டாரென்றால் எழுதியது லூக்காதானே. நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

இன்னொரு முள் இருக்கிறது. 2 தீமோத்தேயு 4:20-இல் தன் கூட்டாளி துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்கிறார். பவுலின் பயணங்களைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் மிலேத்து வழியாக எருசலேமுக்குப் போகிறார், துரோப்பீமு கூடவே போகிறான். அவனை முன்னிட்டுத்தான் எருசலேமில் கலகமே நடக்கிறது (21:29). மிலேத்துவில் படுத்திருந்தவன் எப்படி எருசலேமில் இருந்தான்? தீத்துவைக் கிரேத்தா தீவில் விட்ட ஊழியப் பயணமும் நடபடிகளில் இல்லை.

நாசரேத்துக்காரன்:
நடபடிகள் பவுலின் சாவு வரைக்கும் எழுதின சரித்திரம் இல்லையே. ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. விடுதலையாகி மறுபடி கிழக்கே வந்தார், பிறகு இரண்டாம் முறை சிறை. 96 வாக்கில் ரோமச் சபை கொரிந்துக்கு எழுதிய கடிதம், நாம் கிளெமெந்து என்கிறோமே, அதில் பவுல் மேற்கின் எல்லை வரைக்கும் போனார் என்று இருக்கிறது. நடபடிகளில் இல்லாத பயணம் அது. ஆக, நடபடிகளுக்குப் பிறகும் பவுலுக்கு வாழ்க்கை இருந்தது.

ஓலைச்சுவடி:
நடக்கக் கூடாததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேற்கே போனதாகச் சொல்லும் கடிதத்தை வைத்துக் கிழக்கே திரும்பிவந்ததை நிரூபிக்கிறீர்கள்.

புதுவரவு88:
எதற்கு இந்தச் சண்டை? அந்தக் காலத்தில் குரு பெயரில் சீடன் எழுதுவது மரியாதை. நம் ஊரில் அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல் இருக்கிறது? யாராவது போலி என்று கேஸ் போட்டார்களா? அதே மாதிரி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே.

ஓலைச்சுவடி:
இந்தச் சமாதானம் எல்லா அறிமுக நூலிலும் இருக்கிறது, எனக்குப் பிடிக்காததும் இதுதான். அகத்தியர் பெயரில் சூரணம் சொன்னவர், 'துரோவாவில் கார்ப்பு வீட்டில் என் மேலங்கியை வைத்துவிட்டேன், வரும்போது எடுத்துவா, தோற்சுருளை மறந்துவிடாதே' என்று எழுதவில்லை. 2 தீமோத்தேயு 4:13-இல் அப்படித்தான் இருக்கிறது. ஒன்று, அது நிஜமாகவே குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவனின் மேலங்கி. இல்லையென்றால், நிஜம் போலத் தெரிய வேண்டுமென்று ஒருவர் யோசித்து வைத்த மேலங்கி. அதற்கு மரியாதை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் காலத்து ஆட்களுக்கும் போலி என்றால் கோபம் வரும். 2-ஆம் நூற்றாண்டில் காலென் என்ற மருத்துவர், ரோமில் புத்தகக் கடைத் தெருவில் தன் பெயர் போட்ட ஒரு நூல் விற்கப்படுவதைப் பார்க்கிறார். அங்கிருந்த படித்தவர் ஒருவர் முதல் இரண்டு வரி படித்துவிட்டு, இது காலென் நடையே இல்லை என்று தலைப்புச் சீட்டைக் கிழித்துப் போடுகிறார். அதற்குப் பிறகுதான் காலென் தன் நூல்களின் பட்டியலையே எழுதினார்.

நாசரேத்துக்காரன்:
இதில் ஓலைச்சுவடி சொல்வதை அப்படியே ஏற்கிறேன் (தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்). இன்னொன்றும் சேர்க்கிறேன். ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம், இன்றைய துருக்கிப் பக்கம்) ஒரு மூப்பர் பவுலைப் பற்றிக் கதை கட்டி எழுதினார். கேட்டபோது, பவுல் மேலிருந்த அன்பினால் செய்தேன் என்றார். பதவி போயிற்று. தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 200 வாக்கில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்பினால் செய்தவரையே விடவில்லை. அந்தியோகியாக் கண்காணி செராப்பியோன், பேதுரு பெயரில் வந்த சுவிசேஷத்தை முதலில் படிக்க அனுமதித்தவர், தானே படித்துப் பார்த்ததும் தடுத்துவிட்டார். இவ்வளவு கண்காணிப்பைத் தாண்டி மூன்று போலிகள் வந்து உட்கார்ந்தன என்கிறீர்களா?

ஓலைச்சுவடி:
பிடிபட்டவர்களின் கதைதான் நமக்குக் கிடைக்கும். பிடிபடாதவர் கதை எப்படிக் கிடைக்கும்? பவுலும் தத்துவஞானி செனெக்காவும் எழுதிக்கொண்டதாக 14 கடிதங்கள் உண்டு, 4-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. லத்தீன் தெரிந்த எவரும் இன்று அதை நம்புவதில்லை. ஆனால் ஜெரோம், மகா மொழிபெயர்ப்பாளர், 392-இல் அந்தக் கடிதங்களைக் காரணம் காட்டியே செனெக்காவைத் தன் கிறிஸ்தவ எழுத்தாளர் பட்டியலில் சேர்த்தார். ஜெரோமுக்கே கண் தப்பியது.

திண்ணைவாசி:
நான் கேட்டது இரண்டு வரிப் பதில், கிடைத்தது திருவிழா. சரி, சண்டை இல்லாத ஒரு இடமாவது காட்டுங்கள். தேதி உறுதியாகச் சொல்லக்கூடியது எது?

மறைக்கல்வி டீச்சர்:
கல்லியோன். கிரீஸில் டெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள், ரோமப் பேரரசர் கிலவுதியு இராயனின் கடிதம். அதில் கல்லியோன் அகாயாவின் அதிபதி என்று பெயர் வருகிறது. மன்னனின் பட்டங்களை வைத்துக் கணக்கிட்டால் அவர் பதவிக்காலம் 51-52. நடபடிகள் 18-இல் பவுலைக் கொரிந்தில் நியாயாசனத்துக்கு முன் இழுத்துக்கொண்டு போவது இதே கல்லியோனிடம்தான். ஆக, பவுல் கொரிந்தில் இருந்தது 50, 51 வாக்கில். 1 தெசலோனிக்கேயர் அங்கிருந்து எழுதியது என்பது பொதுவான முடிவு. புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்து அதுதான் என்பார்கள், நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது.

இந்தக் கல்லியோன் ஓலைச்சுவடி சொன்ன செனெக்காவின் அண்ணன். அகாயாவில் காய்ச்சல் வந்ததும் கப்பலேறிவிட்டாராம், 'நோய் என் உடம்பில் இல்லை, இந்த ஊரில் இருக்கிறது' என்று கத்திக்கொண்டே. செனெக்காவே எழுதியிருக்கிறார். இது நிஜக் கடிதம்!

ரோமரில் தொடங்காதீர்கள். பைபிள் வரிசை கால வரிசை இல்லை. சபைகளுக்கு எழுதினதை ஏறக்குறைய நீளத்தின்படி அடுக்கி, அதற்குப் பின்னால் ஆட்களுக்கு எழுதினதை அடுக்கியிருக்கிறார்கள். ரோமர் முதலில் நிற்பது நீளத்தினால்தான்.

நாசரேத்துக்காரன்:
1 தெசலோனிக்கேயரில் தொடங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அடுத்த வாரமே 2 தெசலோனிக்கேயர் வரும், அங்கே 3:17-ஐ மறக்காமல் காட்டுங்கள். என் கையெழுத்தே நிருபங்கள்தோறும் அடையாளம் என்று பவுலே சொல்கிறார்.

ஓலைச்சுவடி:
அதே நிருபத்தில் 2:2-ஐயும் காட்டுங்கள். எங்களிடமிருந்து வந்ததாகத் தோன்றும் நிருபத்தினால் கலங்காதீர்கள் என்று இருக்கிறது. பவுல் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரில் போலிக் கடிதமா? அல்லது இப்படிச் சத்தமாகக் கையெழுத்தைக் காட்டுவதுதான் சந்தேகமா? பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

திண்ணைவாசி:
தீர்மானித்துவிட்டேன். முதல் வாரம் 1 தெசலோனிக்கேயர், கல்வெட்டுப் படத்தோடு. ஐந்தே அதிகாரம், ஒருவர் எழுந்து நின்று முழுதும் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். எல்லாருக்கும் வாசிக்க வேண்டும் என்று 5:27-இல் ஆணையிட்டே சொல்லியிருக்கிறாரே. தீமோத்தேயு, தீத்து கடைசி மாதம். இரண்டு கட்சியையும் சொல்வேன், மேலங்கியில் தொடங்கி.

நாசரேத்துக்காரன்:
மேலங்கி வாரத்துக்கு எனக்கு ஒரு தகவல் கொடுங்கள் அண்ணே. பஸ் பிடித்தாவது வந்துவிடுகிறேன். அதை ஓலைச்சுவடி சொல்கிற விதத்தில் மட்டும் பிள்ளைகள் கேட்டுவிட்டுப் போகக் கூடாது.