பாடியதைப் பதிந்து கேட்டபோது என்ன தெரிந்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்க

மந்தரஸ்தாயி:
46 வயசுல பாட்டை மறுபடி எடுத்தேன். சின்ன வயசுல ஸ்வரஜதியோட (ஆரம்பப் பாடங்கள்ல ஒண்ணு) நின்னு போனது. வாரம் ரெண்டு கிளாஸ். "வீட்ல பாடறதை போன்ல பதிஞ்சு கேளுங்க"ன்னு டீச்சர் சொன்னாங்க.

முதல் நாள் அரை நிமிஷம் கேட்டுட்டு நிறுத்திட்டேன். சளி பிடிச்ச யாரோ பாடற மாதிரி இருந்தது. நம்ம குரல் நமக்குக் காத்து வழியா மட்டுமில்ல, மண்டை எலும்பு வழியாவும் வருது. அதனால நமக்கு மட்டும் கனமாக் கேக்கும். போன்ல இருக்கறதுதான் மத்தவங்க கேக்கற குரல். ரெண்டு வாரத்துல பழகிடுச்சு.

நான் சொல்ல வந்தது வேற. வீட்ல தொந்தரவு வேண்டாம்னு தம்புரா ஆப்பை (சுருதி ஒலிச்சுக்கிட்டே இருக்கும்) இயர்போன்ல போட்டுக்கிட்டுப் பாடுவேன். அதனால பதிவுல என் குரல் மட்டும்தான் இருக்கும். ஒரு மாசம் அதைக் கேட்டு, பரவாயில்லையேன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் பரண்ல கிடந்த பழைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைத் துடைச்சு, 5½ கட்டை சுருதியில சத்தமாவே வெச்சு மோகன ராக வர்ணம் பாடினேன். மேல் ஸட்ஜத்துலேர்ந்து 'ஸ த ப'ன்னு இறங்கி பஞ்சமத்துல, அதாவது 'ப'வுல நிக்கணும். பெட்டியோட பஞ்சமம் ஒரு இடத்துல இருக்கு, நான் ஒரு நூல் கீழ நிக்கறேன். ஏறும்போது சரி, இறங்கும்போது வழுக்கல். அதுவும் ஒவ்வொரு தடவையும்! கூட சுருதி ஒலிக்காத பதிவுல இது எனக்குப் பிடிபடவே இல்ல. ஸ்வரமெல்லாம் ஒண்ணாச் சேந்தே இறங்கினா காதும் அது கூடவே இறங்கிடுது.

டீச்சர்கிட்ட போட்டுக் காட்டினேன். "பாடும்போது நீங்க பாடறதைக் கேக்கல, பாட நினைச்சதைக் கேக்கறீங்க"ன்னாங்க. இறங்கும்போது மூச்சைத் தளர விடறேனாம். இப்ப பதிவுல அந்த ஒரு இறக்கத்தை மட்டும்தான் கேக்கறேன். மத்த தப்பு காதுல விழுந்தாலும் அன்னிக்கு விட்டுடறேன். உங்களுக்கெல்லாம் எப்படி?

தொப்பித்தட்டு:
மிருதங்கம், 9 வருஷமா. சனிக்கிழமை பஜனையில வாசிக்கிறேன். அங்க பாடறவர் காலப்பிரமாணத்தை (பாட்டோட வேகத்தை) ஓட்டறார்னு எனக்கு ரொம்ப நாளா மனக்குறை. ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லவும் சொல்லியிருக்கேன். ஒரு நாள் முழுசாப் பதிஞ்சு, கடிகாரத்தை வெச்சுக்கிட்டு உக்காந்தேன். ஆதி தாளம், ஒரு களை. ஆரம்பத்துல 10 ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுத்துக்கு) 80 விநாடி. கடைசியில அதே 10 ஆவர்த்தனம் 68 விநாடி. எங்க ஏறுதுன்னு தேடினா, நான் மோரா (ஒரு சொல்லை மூணு தடவை வாசிச்சு முடிக்கறது) வைக்கற இடமெல்லாம் ஏறியிருக்கு. சர்வலகுவுல, அதாவது சீரா ஓடற நடையில, நிலையா இருக்கேன், முடிவு தெரிஞ்சதும் கை பறக்குது. பாவம் மனுஷன், என் பின்னாடி ஓடி வந்திருக்கார். அடுத்த சனிக்கிழமை அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன். எதுக்குன்னு சொல்லல.

ஆனா போன் பொய்யும் சொல்லும், அதையும் எழுதிடறேன். பதிவைப் போன் ஸ்பீக்கர்லயே போட்டுக் கேட்டு, தொப்பி (மிருதங்கத்தோட இடது பக்கம்) நாதமே வரலையேன்னு ஒரு மாசம் ஓங்கி ஓங்கித் தட்டினேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம். வாத்தியார் ஹெட்போன்ல கேட்டுட்டு, "கும்கியெல்லாம் அழகா இருக்கேடா, எதுக்கு இப்படி அடிக்கற?"ன்னார். கும்கின்னா தொப்பியை அழுத்தி வழுக்கி எடுக்கற நாதம். அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல கீழ் நாதம் வெளியில வர வழியே இல்ல. இன்னொண்ணு, நிறைய போன் தானாவே சத்தத்தைச் சமப்படுத்திடும். மெதுவா வாசிச்சதும் பலமா வாசிச்சதும் ஒரே உயரத்துல கேக்கும். அதனால நயம் எப்படி இருக்குன்னு போன்கிட்ட கேக்கறதில்ல, லயம் மட்டும் கேக்கறேன். போனை ஜமக்காளத்துல பக்கத்துலயே வெச்சா வலந்தலை (வலது பக்கம்) அடி வெடிக்குது. 6, 7 அடி தள்ளி ஒரு ஸ்டூல் மேல வெச்சாப் போதும்.

மெட்டும்தந்தியும்:
வீணை. எனக்கு வேற கதை. பதிவை ஆன் பண்ணினா அந்தச் சிவப்புப் புள்ளியைப் பாத்தே விரல் விறைச்சுக்கும். தனியா இருக்கும்போது வர்றது எதுவும் வராது. இப்ப சாதகம் (தினப் பயிற்சி) ஆரம்பிக்கும்போதே ஆன் பண்ணி, போனைக் கவிழ்த்து வெச்சுடுவேன். கால் மணியில மறந்துடும். கடைசி கால் மணி மட்டும் கேட்டுட்டு அழிச்சுடுவேன். சேத்து வெச்ச காலமும் உண்டு. போன்ல இடமில்லன்னு வந்தப்ப பாத்தா 140 பதிவு, ஒண்ணைக்கூடத் திரும்பக் கேட்டதில்ல.

கண்டுபிடிச்சது ஒண்ணு: பாதி வேகத்துல போட்டுக் கேட்டேன் (சுருதி மாறாம வேகத்தை மட்டும் குறைக்கற வசதி பல ஆப்ல இருக்கு). ஒரே மீட்டுல தந்தியை இழுத்து எடுக்க வேண்டிய தோடி ராக காந்தாரத்துக்கு ('க' ஸ்வரத்துக்கு) நடுவுல திருட்டுத்தனமா இன்னொரு மீட்டு போட்டிருக்கேன். நாதம் செத்துடுமோன்னு பயம் போல. கை செஞ்சது எனக்கே தெரியல. எத்தனை வருஷமோ!

மந்தரஸ்தாயி:
@மெட்டும்தந்தியும், நான் முதல் நாள் பதிவை மட்டும் அழிக்கல. 11 மாசம் கழிச்சு நேத்து கேட்டேன். அப்ப பல்லவியிலயே ரெண்டு இடத்துல மூச்சு வாங்கியிருக்கேன், இப்ப அது இல்ல. பஞ்சமம் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் நிக்குது. ரெண்டு பதிவுலயும் மாறாதது ஒண்ணே ஒண்ணு: கடைசியில எங்க வீட்டுக்காரர் குரல், "ஆச்சா? டிவி போட்டுக்கலாமா?"