வீட்டில் செய்து அலங்கரித்த கேக்குகள்: நம் அனுபவங்கள்

பிறந்தநாளுக்கும் மற்ற விழாக்களுக்கும் வீட்டிலேயே கேக் செய்து அலங்கரித்தவர்கள், யாருக்காகச் செய்தார்கள், அப்போது என்ன நடந்தது என்பதை இங்கே எழுதினால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது செய்முறைக் குறிப்புகளைவிட அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

அண்டை வீட்டுச் சிறுவனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பொக்லைன் வடிவத்தில் கேக் வேண்டும் என்று அவன் தாயார் கேட்டார். சக்கரம், கை, வாளி என்று முழு இயந்திரத்தையும் ஃபாண்டன்ட் என்னும் பிசைந்த சர்க்கரை மாவில் செய்வதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது, கேக் யாருக்கோ அவனிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "அந்த வண்டியில உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "வண்டி இல்ல அத்தை, அது அள்ளுற மண்ணுதான்" என்றான். அந்த ஒரு பதிலில் திட்டம் முழுவதும் மாறிவிட்டது. வட்டமான சாக்லேட் கேக் ஒன்றைச் செய்து, அதன் ஒரு பக்கத்தைப் பள்ளம்போல் வெட்டியெடுத்து, வெட்டிய துண்டை உதிர்த்து மண் குவியலாக்கி, நன்றாகக் கழுவித் துடைத்த அவனுடைய பொம்மை வண்டியை ஒரு சிறிய அட்டையின்மீது நிறுத்தினேன். விழாவில் மற்ற குழந்தைகள் வண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஒரு தேக்கரண்டியால் அந்தக் குவியலிலிருந்து மண்ணை அள்ளிப் பள்ளத்தில் கொட்டுவதும், மறுபடி அள்ளிக் குவிப்பதுமாக இருந்தான். வாளியின் வளைவைச் சரியாக வடிக்க நான் செலவிட்டிருக்கக்கூடிய மாலைப்பொழுதை அவன் கவனித்திருக்கவே மாட்டான்.

அந்த மண் உண்மையில் மண்போல உதிராகவே இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உதிர்த்த கேக்கை அப்படியே தூவினால், கிரீமின் ஈரத்தை உறிஞ்சி ஒரு மணி நேரத்தில் பிசுபிசுப்பான கட்டியாகிவிடும். அதைத் தட்டில் பரப்பி, 100 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மட்டும் சூடாக்கிய ஓவனில் மொறுமொறுப்பாகும்வரை உலர்த்தி, ஆறவிட்டுத் தூவினால் மாலைவரை உதிர்ந்தே இருக்கும்.

அலங்காரம் நிற்குமா நிற்காதா என்பது கிரீம் பிழியும் பைப்பிங் பையைக் கையில் எடுப்பதற்கு முந்தைய நாளே முடிவாகிவிடுகிறது என்பதை அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். கேக்கை முதல் நாளே சுட்டு, முழுவதும் ஆறவிட்டு, உறையால் இறுகச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இளஞ்சூடு இருக்கும் கேக்கின்மேல் எவ்வளவு நேர்த்தியாகக் கிரீம் பூசினாலும் அது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். குளிர்ந்து இறுகிய கேக், பற்கள் கொண்ட நீளமான கத்தியால் வெட்டினாலும் உதிராது. பட்டர்கிரீமுக்கு 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சர்க்கரை என்பது நம்பகமான கணக்கு. அந்த வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற, ஆனால் மினுமினுக்காத பதத்தில், அதாவது 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மினுமினுக்கத் தொடங்கிய வெண்ணெயில் காற்று அடங்காது. எவ்வளவு நேரம் பீட்டரை ஓட்டினாலும் கிரீம் தளர்ந்தே இருக்கும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, உதிரும் துகள்கள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டபின் அரை மணி நேரம் குளிரவைத்து, அதற்குமேல் இரண்டாவது பூச்சைப் பூசினால்தான் வெளிப்பரப்பில் துகள் ஒன்றுகூடத் தெரியாது. அவசரத்தில் பலரும் இந்த முதல் பூச்சைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நிறத்தையும் முதல் நாளே கலந்துவிடுவது நல்லது. ஜெல் நிறங்கள் இரவு முழுவதும் இருக்கும்போது தாமாகவே அடர்த்தியாகின்றன. அதை அறியாமல், சிவப்பு வெளிறியிருக்கிறதே என்று மேலும் மேலும் சேர்த்தால் கிரீம் கசக்கத் தொடங்கும். கறுப்பு வேண்டுமென்றால் வெள்ளைக் கிரீமில் தொடங்காமல் கோகோ சேர்த்த கிரீமில் தொடங்க வேண்டும். வெண்ணெயின் மஞ்சள் சாயலைக் குறைக்க ஊதா நிறத்தை ஊசிமுனை அளவு சேர்த்தால் போதும்.

அளவு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 6 அங்குல டின்னுக்கான அளவை 8 அங்குல டின்னுக்கு மாற்றுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். டின்னின் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது என்பதால், மாவுக்கலவையும் அந்த அளவுக்குக் கூட வேண்டும்.

* * *

சிறுவனிடமே கேட்டது மிகவும் சரி. என் அனுபவமும் ஒரு குழந்தையின் பேச்சிலிருந்து தொடங்கியதுதான்.

என் மகளுடைய பிறந்தநாள் நெருங்கியபோது, எந்த வடிவத்தில் கேக் வேண்டும் என்று கேட்டேன். வடிவத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், தன் தோழி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, "அவளும் சாப்பிடுற மாதிரி செய்யுங்கம்மா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு முட்டை ஒவ்வாமை; எந்த விழாவுக்குப் போனாலும் கேக் வெட்டும் நேரத்தில் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்வாள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உடனே அவளுடைய தாயாரிடம் பேசினேன். முட்டையில்லாத கேக் செய்வது எளிது, அலங்காரத்தில்தான் கவனம் வேண்டும் என்று அவர் சொன்னது என்னைத் திடுக்கிடச் செய்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. கேக்கில் முட்டை இல்லாவிட்டாலும், உலர்ந்ததும் கெட்டியாகும் ராயல் ஐசிங்கில் வடித்து உலர்த்திய பூக்களில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. மெரிங் பவுடரும் அதிலிருந்துதான் வருகிறது. சுவிஸ் மெரிங் பட்டர்கிரீமுக்கு அடிப்படையே அதுதான். கடையில் வாங்கும் வண்ணத் தூவல்களின் உறையையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டியிருந்தது. பாத்திரங்கள், பீட்டரின் கம்பிகள், பைப்பிங் பையின் நுனியில் பொருத்தும் நாசில்களின் உட்புறம் ஆகிய எல்லாவற்றையும் சுடுநீரில் கழுவிய பின்பே வேலையைத் தொடங்கினேன்.

பாலில் வினிகர் கலந்து, சமையல் சோடாவின் உதவியால் எழும்புகிற கேக்கைத் தேர்ந்தெடுத்தேன். இதில் புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனேயே வாயு வெளிவரத் தொடங்கிவிடுவதால், மாவைக் கலந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. ஓவன் முன்பே சூடாகி இருக்க வேண்டும், டின்னில் பட்டர் பேப்பர் விரித்துத் தயாராக இருக்க வேண்டும். முட்டையின் பிணைப்பு இல்லாததால் இந்தக் கேக் எளிதில் உதிரும். ஆகவே இன்னும் அதிக நேரம் குளிரவைத்தேன். உயரமாக அடுக்காமல் இரண்டே அடுக்குகளோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வேலையின் நடுவே எங்கோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. இன்று நாம் இயல்பாகக் கையாளும் பேக்கிங் பவுடரை 1843இல் உருவாக்கியவர்களுள் ஒருவரான ஆல்ஃபிரட் பர்ட் என்ற ஆங்கிலேய மருந்தாளர், முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகவே அதைச் செய்தார். அதற்குமுன் 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டு பொடியைச் செய்ததும் அவருக்காகத்தான். வீட்டில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத உணவு, சமையலைக் குறைக்காமல் விரிவாக்கியிருக்கிறது என்று எண்ணியபோது மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

விழா நாளில் அந்தப் பெண் வழக்கம்போல் மேசையிலிருந்து நகரத் தொடங்கினாள். என் மகள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "எனக்கும் இதேதானா, வேற தனியா இல்லையா?" என்று அவள் என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டு, ஓரத்தில் பெரிய ரோஜாப்பூ இருந்த துண்டைச் சுட்டிக்காட்டினாள். அதற்குப் பிறகு எந்த விழாவுக்குக் கேக் செய்தாலும், வடிவத்தைக் கேட்பதற்கு முன்பு வருகிறவர்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதையே முதலில் கேட்கிறேன்.

* * *

நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். உறவினர் ஒருவரின் திருமண நாளுக்கு இரண்டு அடுக்குக் கேக்கைக் காரில் கொண்டு போனோம். கேக்கை மடியில் வைத்துக்கொள்வதாக எல்லோரும் முன்வந்தார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மடியும் இருக்கையும் சாய்ந்திருக்கும், உடலின் சூடும் ஏறும். காரின் தரைதான் சமமான இடம். வழுக்காத விரிப்பொன்றைப் போட்டு, அதன்மீது அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியாக வைத்து, போய்ச் சேர்ந்த பிறகே ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினோம். கீழ் அடுக்கில், அதன் உயரத்துக்குச் சமமாக வெட்டிய தடித்த ஸ்ட்ராக்களைச் செருகியிருந்ததால், மேலடுக்கின் எடையை அவை தாங்கின. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட் வியர்த்துப் பளபளத்தபோது, அதைத் துடைக்க ஒருவர் துணியோடு வந்தார். தொட்டால் விரல்தடம் பதிந்துவிடும், மின்விசிறியின் காற்றில் தானாக உலரும் என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் இன்னொன்றும் நடந்தது. கேக்கைச் சுற்றி வைப்பதற்காக ஒரு பெரியவர் அன்போடு தோட்டத்துப் பூக்களைப் பறித்துக்கொண்டு வந்தார். அவற்றில் அரளியும் இருந்தது. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதை அவர் மனம் நோகாதபடி எடுத்துச் சொல்லி, அந்தப் பூக்களை வாசலில் ஒரு குவளையில் வைத்தோம். உணவின்மேல் வைக்கும் பூ, உண்ணத்தக்க வகையாகவும் பூச்சிமருந்து தெளிக்காததாகவும் இருக்க வேண்டும். மினுக்குப் பொடியிலும் இதே கவனம் தேவை: நச்சற்றது என்று உறையில் எழுதியிருப்பதும், உண்ணத்தக்கது என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல.

* * *

எல்லோரும் குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் எண்பது வயது நிறைந்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய பேத்தி என் தோழி. அவருக்குப் பற்கள் மிகக் குறைவு, மருத்துவச் சிகிச்சையும் நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தினர் அவருடைய இளமைக் காலப் படத்தைச் சர்க்கரைத் தாளில் அச்சிட்டு ஒட்டலாம் என்றார்கள். தோழியிடம் பாட்டிக்கு எதில் விருப்பம் என்று விசாரித்தபோது, அவர் தம் கையால் பூவேலை செய்த தலையணை உறை ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். நீலக் கொடிகளும், நுனியில் சிறு சிறு முடிச்சுகளால் ஆன பூக்களும் அதில் இருந்தன. அதையே கேக்கின்மேல் கொண்டுவர முடிவு செய்தேன்.

ஃபாண்டன்ட்டை மெல்லுவது அவருக்குச் சிரமம் என்பதால் அதைத் தவிர்த்து, மிருதுவான ஸ்பாஞ்ச் கேக்கில் சர்க்கரையும் நீரும் சம அளவில் காய்ச்சிய பாகைத் தூரிகையால் தடவி ஊறவைத்து, வெளியே பட்டர்கிரீம் பூசினேன். கொடிகளுக்கு மிகச் சிறிய வட்ட நாசிலையே பயன்படுத்தினேன். முடிச்சுகளை இடும்போது, நாசிலைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தத்தை முழுவதும் நிறுத்திய பிறகே கையை எடுக்க வேண்டும். அழுத்திக்கொண்டே எடுத்தால் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு வால் நீளும். அவருடைய பெயரைக் கேக்கின்மேல் நேரடியாக எழுதாமல், ஒரு தாளில் எழுதி, அதைக் கவிழ்த்து, மேலே பட்டர் பேப்பரை வைத்து, இடவலம் மாறித் தெரிந்த எழுத்துகளின்மேல் கிரீமைப் பிழிந்து, ஃபிரீசரில் உறையவைத்தேன். உறைந்ததும் கேக்கின்மேல் கவிழ்த்துத் தாளை உரித்தால் எழுத்து நேராகவும் சீராகவும் அமர்ந்துவிடும். தமிழ் எழுத்தின் சுழிகளைக் கிரீமில் ஒரே மூச்சில் எழுதுவது கடினம் என்பதால், இந்த வழியை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

மெழுகுவத்தியை எல்லோரும் ஊதிய கேக்கைச் சிகிச்சையில் இருக்கும் பாட்டிக்குக் கொடுக்கலாமா என்று தோழி கேட்டாள். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மெழுகுவத்தியை ஊதிய பிறகு ஐசிங்கின் மேலிருந்த பாக்டீரியா சராசரியாக 1,400 சதவீதம் கூடியிருந்தது. உடல்நலத்தோடு இருப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால், சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்காகக் கொள்ளுப்பேரக் குழந்தைகள் அத்தனை பேரும் சேர்ந்து ஊதப்போகிறார்கள் என்பதால், அதே மாவில் ஒரு சிறிய கேக்கைத் தனியாகச் சுட்டு, மெழுகுவத்தியை அதில் நட்டு, அதைக் குழந்தைகள் பக்கம் வைத்தோம். எல்லோரும் ஊதினார்கள், ஒருவருக்கும் குறையில்லை.

மீதமான கிரீமைப் பையோடு விழாவுக்கு எடுத்துச் செல்வது என் வழக்கம். வழியில் எங்காவது உரசினால் அங்கேயே சரிசெய்துவிடலாம். அன்று அது வேறு விதத்தில் உதவியது. பாட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேக்கின்மீது குனிந்து, ஒவ்வொரு கொடியாக விரல் படாமல் பின்தொடர்ந்து பார்த்தார். பிறகு, "இது என்னோட உறைதானே! ஆனா இந்த மூலைப் பூவுக்கு அஞ்சு முடிச்சும்மா, நாலு இல்ல. உறையில அது அவிழ்ந்து போச்சு, அதனாலதான் உனக்குத் தெரியல" என்றார். அந்த ஐந்தாவது முடிச்சை அவர் காட்டிய இடத்தில் நான் இட்ட பிறகே கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார்.