பக்கம் எழும் முன்பே செஷனை நிரப்புவது: ஃபில்டரா, வியூ ஆக்‌ஷனா?

கடைசிப்பெஞ்ச்:
ஜேஎஸ்எஃப் 2.2 (ஜாவாவில் வலைப்பக்கம் எழுதும் சட்டகம்), அதை ஓட்டும் சர்வர் டாம்கேட். கடன் வசூல் கணக்கு பார்க்கும் அலுவலகச் செயலி. உள்நுழைந்ததும் தலைப்பட்டையில் ஊழியரின் கிளைப் பெயர் தெரிய வேண்டும். முதல் தடவை அந்த இடம் வெறுமையாக வருகிறது. எஃப்5 தட்டினால் வந்துவிடுகிறது. கிளை விவரத்தை டேட்டாபேஸிலிருந்து எடுத்து செஷன் பீனில் (ஒரு பயனரின் வருகை முழுவதும் அவர் தரவைச் சுமக்கும் ஜாவா பொருள்) வைக்கும் மெத்தடை, பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தோடு கட்டியிருக்கிறேன். இதை எங்கே வைத்தால் சரியாக வரும்?

பழைய செர்வ்லெட்:
பக்கம் மேலிருந்து கீழாகத்தான் எழுதப்படுகிறது. தலைப்பட்டை எழுதி முடிந்த பிறகு உங்கள் புலம் விழித்துக்கொண்டு தரவை ஏற்றுகிறது. பந்தியில் இலையை மடித்த பிறகு சாம்பார் வாளியோடு வருகிறீர்கள். இரண்டாம் தடவை செஷனில் ஏற்கெனவே இருப்பதால் தெரிகிறது. ஒரு ஃபில்டர் எழுதுங்கள்; கோரிக்கை பக்கத்தை எட்டும் முன் அதை இடைமறிக்கும் நிரல். செஷனில் கிளை இல்லையா, ஏற்று. இருந்தால் கோரிக்கையை அப்படியே விடு. பத்து வரியில் முடிந்துவிடும்.

தறிக்காரி:
ஐயா, எல்லா முகவரிக்கும் பொருத்தினால் அந்தப் பத்து வரி ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு சிஎஸ்எஸ் கோப்புக்கும் சேர்த்து ஓடும். உள்நுழைவுப் பக்கத்திலும் ஓடும். அங்கே பயனர் யாரென்றே தெரியாது, நல் பாயின்டர் பிழைதான் மிஞ்சும். ஃபில்டர் ஓடும்போது ஜேஎஸ்எஃப் தன் கோரிக்கை விவரங்களை வைத்திருக்கும் ஃபேசஸ் கான்டெக்ஸ்டும் பிறந்திருக்காது. இதற்கென்றே 2.2இல் வியூ ஆக்‌ஷன் வந்தது. எந்த மெத்தட் ஓட வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்துவிடலாம்; பக்கத்தை வரைவதற்கு முன்பே ஓடும். படிவத்தை அனுப்பித் திரும்பும்போது, நாமாகச் சொன்னாலொழிய, மறுபடி ஓடாது.

பழைய செர்வ்லெட்:
செஷனில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கெட் அட்ரிப்யூட். அதற்கா இத்தனை கவலை? வியூ ஆக்‌ஷன் மெட்டாடேட்டா என்ற குறிச்சொல்லுக்குள் இருக்க வேண்டும். மெட்டாடேட்டாவைப் பொது வார்ப்புருவில் வைத்தால் வேலை செய்யாது, அந்தந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாற்பது பக்கம் இருந்தால் நாற்பது இடத்தில் எழுதுவீர்களா? நாற்பத்தொன்றாவது பக்கத்தை எழுதும் புதுப் பையன் மறந்துவிடுவான்.

நடுக்கூடம்:
இருவரும் ஏன் இவ்வளவு தூரம் சுற்றுகிறீர்கள்? பீனில் போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட் என்று குறித்த ஒரு மெத்தட் போதும். தலைப்பட்டை பீனைத் தொடும் நொடியில்தான் பீன் உருவாகிறது. உருவானதும் தரவு ஏறிவிடும்.

தறிக்காரி:
செஷன் பீனுக்கு அது செஷனுக்கு ஒரே ஒரு தடவைதான். மதியம் ஊழியரை வேறு கிளைக்கு மாற்றினால், வெளியேறி மறுபடி நுழையும்வரை பழைய கிளையே நிற்கும். உள்நுழைவுப் பக்கம் அதே வார்ப்புருவைப் பயன்படுத்தினால் இன்னும் மோசம்: பயனர் இல்லாமலே பீன் பிறந்து, காலியாகவே காலம் தள்ளும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. முன்பு வேலை செய்த ஓரிடத்தில் தேர்ந்தெடுத்த கடன் கணக்கையே செஷனில் வைத்திருந்தோம். காசாளர் ஒருவர் ஒரு கணக்கைத் திறந்தார். வரிசையில் அடுத்தவர் அவசரப்படுத்த, அவர் கணக்கை இன்னொரு டேபில் திறந்தார். பிறகு முதல் டேபுக்குத் திரும்பி 4,500 ரூபாய் வரவு வைத்தார். திரையில் முதல் ஆளின் பெயர்; பணம் போனதோ இரண்டாம் ஆளின் கணக்கில். இரண்டு டேபுக்கும் செஷன் ஒன்றுதானே. மாலையில் பேரேடு ஒத்துவராதபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து செஷனில் ஆள் யார் என்பதை மட்டும் வைக்கிறேன். கணக்கு எண் முகவரியில் வரட்டும், வியூ பாரம் அதை வாங்கட்டும், வியூ ஆக்‌ஷன் ஏற்றட்டும். எண்ணை மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களுக்காக, அந்த ஆளுக்கு அதைப் பார்க்க உரிமை உண்டா என்றும் அங்கேயே சோதியுங்கள்.

பழைய செர்வ்லெட்:
இதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேட்டவர் கேட்டது கிளைப் பெயரை. அது எல்லாப் பக்கத்துக்கும் பொது.

நடுக்கூடம்:
அப்படியானால் பிரீ ரெண்டர் வியூ, அதாவது பக்கத்தை வரையும் முன் எழும் நிகழ்வு? அதை வார்ப்புருவிலேயே வைக்கலாம்.

தறிக்காரி:
வைக்கலாம். படிவம் திரும்பும்போதும் ஓடும் என்பதால் இஸ் போஸ்ட்பேக் (படிவம் திரும்பி வந்த கோரிக்கையா) என்று பார்த்துத் தடுக்க வேண்டும். கிளைக்கு இதுகூட வேண்டாம் என்பேன். கடவுச்சொல் சரி என்று தெரிந்த அந்த மெத்தடிலேயே கிளையையும் எடுத்துப் போடுங்கள். கிளை மாற்றும் திரை இருந்தால் அங்கேயும் ஒரு வரி.

கடைசிப்பெஞ்ச்:
அப்படியே செய்தேன். அடியில் இருந்த புலத்தைத் தூக்கிவிட்டேன். முதல் தடவையே பெயர் வருகிறது. கணக்குப் பக்கத்தை வியூ பாரமுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்தது.

பழைய செர்வ்லெட்:
மகிழ்ச்சி. உள்நுழைவுத் திரையில் ‘என்னை நினைவில் வை’ பெட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். மறுநாள் குக்கீயோடு வருபவர் உங்கள் கடவுச்சொல் மெத்தடைத் தொடாமலே உள்ளே வந்துவிடுவார். தலைப்பட்டை மறுபடி வெறுமைதான்.

கடைசிப்பெஞ்ச்:
அந்தப் பெட்டி போன வருடமே வைத்தாயிற்று. ஃபில்டரின் அந்தப் பத்து வரியை அனுப்புகிறீர்களா, ஐயா?