படித்துப் பார்த்ததால்தான் மெடிக்ளைம் எடுக்கவில்லை

வெயிலான்:
போன வாரம் மெடிக்ளைம், அதாவது மருத்துவக் காப்பீடு விற்கும் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "எல்லாமே கவர் ஆகும், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார்" என்றார். நான் கண்ணைத் திறந்து பாலிசியை முழுக்கப் படித்தேன். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கு 3 வருடம் காத்திருக்கணும், கண்புரைக்கு 2 வருடம், ரூம் வாடகைக்கு வரம்பு. அந்த பிரீமியத்தை ஆர்.டி.யில் போட்டால் காசாவது மிஞ்சும். புரியாதவர்கள்தான் இதை வாங்குகிறார்கள்.

மலைக்கோட்டை:
புரியாமல் வாங்கியவன் நான்தான். 3 லட்சம் பாலிசி, அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ரூமுக்கு நாளொன்றுக்குப் பாலிசித் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 வரைதான். அம்மா கூடத் தங்கணுமே என்று 6,000 ரூபாய் ரூம் எடுத்தோம். ரூம் வித்தியாசம் மட்டும் கைக்காசு என்று நினைத்தேன். டிஸ்சார்ஜ் அன்று பார்த்தால், ரூம் வாடகை வரம்பைப்போல இரண்டு மடங்கு என்பதால் அதே விகிதத்தில் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதி வெட்டு! மருந்துக்கும் ஸ்கேனுக்கும்தான் முழுசாக வந்தது. ஆனாலும் விடவில்லை. ரூம் வரம்பு இல்லாத வேறு கம்பெனி பாலிசிக்கு போர்ட் பண்ணி, அதாவது மாற்றிக்கொண்டேன். காத்திருந்த காலம் அங்கேயும் கணக்கில் வந்தது.

வெயிலான்:
உங்கள் கதை என் கட்சிக்குத்தானே சாட்சி?

பழைய ஏஜென்ட்:
இல்லை சார், நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. 3 வருடம் என்பது உச்ச வரம்பு, 2024 வரை அது 4. காத்திருக்கணும் என்றால் இன்றைக்கே எடுக்கணும் என்றுதானே அர்த்தம்? 5 வருடம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தாய் என்று கிளெய்மை மறுக்க முடியாது. அதற்கு முன்னால் மறுக்கலாம். அது தெரிந்தும் "சர்க்கரையை எழுதாதீங்க" என்று நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். கமிஷன் ஆசைதான், வேறென்ன.

கருவேலம்:
நீங்கள் பிரீமியத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். எங்கள் தெரு அக்காவிடம் முதல்வர் காப்பீட்டு அட்டையே இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, ஒரு பைசா கட்ட வேண்டாம். பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் அதை வைத்துவிட்டு, வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்கினார்.

வெயிலான்:
சரி, 46 வயது, சர்க்கரை உண்டு. ரூம் வரம்பு இல்லாமல் பிரீமியம் எவ்வளவு வரும்? மறைக்காமல்தான் கேட்கிறேன்.