கொமடோர் 64: சிவப்பு லைட் எரியுது, திரை மட்டும் கறுப்பு. உதவி வேணும்

செந்தூல்பையன்:
வணக்கம் எல்லாருக்கும். எங்க பெரியப்பா வீட்டு ஸ்டோர்ல ஒரு கொமடோர் 64, அதான் அந்தக் காலத்து ஹோம் கம்ப்யூட்டர், கிடைச்சது, பெட்டியோட, கேசட் டெக்கோட, அந்தப் பழைய பிரவுன் மாடல். அவரு எண்பதுகள்ல இதுலதான் பேசிக் புரோகிராம் மொழி கத்துக்கிட்டாராம், மறுபடி ஓடுறத பாக்கணும்னு ரொம்ப ஆசைப்படுறாரு, எப்படியாவது சரி பண்ணிக் குடுக்கணும். சுவிட்ச் போட்டா சிவப்பு லைட் நல்லா எரியுது ஆனா நீலத் திரை வரல, வெறும் கறுப்பு. ஏவி கேபிளும் மாத்திப் பாத்தாச்சு. கடையில காட்டினா தூக்கிப் போடுங்கன்னுட்டாங்க, எனக்கு மனசு வரல. மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன் இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பிறைஅண்ணன்:
தம்பி, மொதல்ல அந்த பவர் அடாப்டரை மெஷின்லேர்ந்து கழட்டிடுங்க, அளந்து பாக்காம திரும்பச் சொருகவே கூடாது. உள்ள முழுக்க எபாக்சி ஊத்தி அடைச்சிருப்பாங்க, சூடு வெளிய போக வழியில்ல, நம்ம ஊரு வெயில் வேற. அதுல வோல்டேஜை 5ல நிறுத்தி வைக்கிற ரெகுலேட்டர் கெட்டா சும்மா நின்னுடாது லா, வோல்டேஜ் மேல ஏறிடும், அது நேரா ரேம் (மெமரி) சிப்புங்களுக்குத்தான் போகும். லைட் எரியுறத வச்சு பவர் நல்லாருக்குன்னு நம்பாதீங்க. ஏழு பின் வட்ட பிளக்ல 5க்கும் 2க்கும் நடுவுல டிசி அளங்க, 4.75லேர்ந்து 5.25குள்ள இருக்கணும். 6க்கும் 7க்கும் நடுவுல ஏசி, 9 வோல்ட், லோட் இல்லாதப்ப கொஞ்சம் கூடக் காட்டும், பரவால்ல. பின் நம்பர் வரிசையா போகாது, படம் பாத்துட்டு வைங்க. அரை மணி நேரம் சூடாக விட்டு மறுபடியும் அளக்கணும், இது முக்கியம்.

மின்மினி_கேஎல்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே ஒண்ணு பாருங்க தம்பி, டிவில சிக்னலே இல்லன்னு வருதா, இல்ல சிக்னல் வந்து கறுப்பா நிக்குதா? பழைய போர்டுல படம் காட்டுற சிப்புக்கு கரண்ட் அந்த 9 வோல்ட் ஏசி பக்கத்துலேர்ந்து தனி ரெகுலேட்டர் வழியாத்தான் வருது, அதனால உள்ள இருக்குற 1.5 ஆம்ப் ஃபியூஸ் போயிருந்தா லைட் எரியும், படம் வராது. சிக்னல் வந்து கறுப்பா இருந்தா ரேம், இல்ல எந்த சிப் எப்ப பேசணும்னு முடிவு பண்ற பிஎல்ஏ சிப், இந்தப் பக்கம் தேடணும்.

செந்தூல்பையன்:
அக்கா, சிக்னல் வருது, கறுப்புதான். ஃபியூஸ் நல்லாருக்கு. ஆனா அண்ணே, 5 வோல்ட் மொதல்ல 5.1 இருந்துச்சு, சூடானதும் 6.3 காட்டுது! உள்ள 4164 ரேம் எட்டு இருக்கு, எல்லாம் நேரா சோல்டர் பண்ணிருக்கு, சாக்கெட் இல்ல.

பிறைஅண்ணன்:
அதேதான். அந்த அடாப்டரை ரிப்பேர் பண்ண நினைக்காதீங்க, ஒதுக்கிடுங்க. 5 வோல்ட் டிசி 3 ஆம்ப் ஒண்ணு, 9 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு சேர்த்து புதுசா கட்டலாம். புடு ஜாலான் பாசார்ல சாமான் தேடுங்க, ஆனா கடைக்காரரு 9 வோல்ட்னதும் டிசி அடாப்டர எடுத்து நீட்டுவாரு, வாங்கிடாதீங்க, ஏசிதான் வேணும். 240 வோல்ட் வயரிங் பழக்கம் இல்லன்னா ரெடிமேடா வாங்கிடுங்க, காசு கூடப் போனாலும் உயிர் பெருசு. புது பவர் வந்ததும் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ், அதாவது பழுது கண்டுபிடிக்க மெஷின்ல சொருகுற சின்னப் பெட்டி, போட்டுப் பாருங்க. ரேம் கெட்டிருந்தாலும் அது ஓடும், ஏன்னா மெஷினோட சொந்த ரோமுக்கு (புரோகிராம் பதிஞ்ச சிப்) பதிலா கார்ட்ரிட்ஜுல இருக்குற ரோம்தான் வேலை செய்யும். கொஞ்ச நேரம் கறுப்பா இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க. அப்புறம் எத்தனை தடவை திரை மின்னுதுன்னு எண்ணி, அட்டவணையில பாத்தா எந்த ரேம்னு தெரிஞ்சிடும். மின்னவே இல்லன்னா பிஎல்ஏ மேல சந்தேகம் வைங்க.

மின்மினி_கேஎல்:
ஒரு சிப் மாத்துனதும் திரும்ப டெஸ்ட் போடுங்க, வோல்டேஜ் இவ்வளவு ஏறியிருந்தா ஒண்ணோட நிக்காது. கழட்டும்போது முழு சிப்பையும் சூடாக்கி இழுக்க வேணாம், பழைய போர்டு, டிராக், அதான் போர்டு மேல இருக்குற செம்புக் கோடு, உரிஞ்சு வந்துடும், அப்புறம் அதுக்கு வயர் போட்டு உக்காந்திருக்கணும். சிப்பு போனா போகட்டும், போர்டுதான் திரும்பக் கிடைக்காது. கால்களை உடம்பு ஓரமா வெட்டிட்டு ஒவ்வொரு காலா சூடு காட்டி எடுங்க, ஓட்டையச் சுத்தம் பண்ணி 16 பின் சாக்கெட் வைங்க. நீலத் திரையில 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீன்னு வந்துட்டா ரேம் பக்கம் தேறிடுச்சு, கீபோர்டும் சவுண்டும் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.